நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கை

தொடாமல் விடுகிறேன், அந்த இடத்தை மட்டும், தூரிகை மணிக்கட்டிலிருந்து கிளம்பிச் சுண்டுவிரல் பக்கமாக இறங்கி, புறங்கையின் நடுவே வெறும் தாளை ஒரு தீவு போல விட்டுவிட்டு, மறுபடியும் பழுப்புக்குள் வந்துவிடுகிறது, ஈரம் அந்தக் கரையைத் தாண்டிவிடக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது, பூசாமல் விட்டால் அதுதான் வெள்ளை, இதை வருடக்கணக்காகப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன், ஒரு பிள்ளையும் காதில் வாங்கியதில்லை, அரசு நடுநிலைப் பள்ளியில் ஓவிய வாத்தியார் சொல்வதை எவர் கேட்கப் போகிறார்கள், கணக்கு வாத்தியார் விடுப்பு எடுத்தால் அவருடைய வகுப்பை மேய்க்கவும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு அம்புக்குறி போடவும், கலெக்டர் வந்தால் வாசலில் நல்வரவு எழுதவும் அரசாங்கம் வைத்திருக்கிற ஆள் நான், ஆறாம் வகுப்பின் புதிய பாடநூலுக்குப் போடுகிற படத்துக்காக எதிரே முக்காலியில் முனீஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள், ஐந்து முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளை, ரெட்டைச் சடை, நெற்றியில் சாந்துப் பொட்டு, இடது மணிக்கட்டில் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு, அந்தக் கயிற்றுக்குக் கீழே புறங்கையில் பால் சிந்திக் காய்ந்தது போல வெள்ளைத் திட்டு, வாயோரத்தில் இன்னொன்று, வெண்புள்ளி என்று சொல்ல வேண்டும், தொற்றாது என்று சொல்ல வேண்டும், ஊரில் அதற்கு வைத்திருக்கிற பெயர் வேறு, அந்தப் பெயரில் குஷ்டம் என்ற சொல் இருக்கும், வகுப்பில் அவளுக்கு மேப்பு என்று பெயர், உலக வரைபடம் மாதிரி இருக்கிறாளாம், வைத்தவன் காளிராஜ், சமூக அறிவியலில் அவன் வாங்குகிற மதிப்பெண்ணுக்கு மேப் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவனுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம், கைகோத்து ஆடுகிற விளையாட்டென்றால் முனீஸ்வரிக்கும் அடுத்து நிற்கிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை வரும், இவள் ஒரு நுனி, அவள் ஒரு நுனி, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவ்வளவு நாகரிகமான ஊர் எங்களுடையது.

சார், இதையும் போடுவீங்களா என்று கையைக் காட்டிக் கேட்கிறாள், போடவா வேண்டாமா, நீ சொல்லு என்கிறேன், போடுங்க சார் என்கிறாள், புத்தகத்துல வந்துட்டா பரீட்சைக்கு வரும்ல, பரீட்சைக்கு வர்றத யாரு சார் கேலி பண்ணுவா, அப்புறம் குரலை இறக்கி, கைக்குட்டையும் வேண்டியதிருக்காதுல்ல சார் என்கிறாள், நான் சிரிக்கிறேன், பாடநூல் பற்றி எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன், பொன்னாடைக்கு முன்பும் பின்பும், ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை, கையை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பு என்கிறேன், அவள் தப்பான பக்கம் திருப்புகிறாள், இப்படி இல்லை, இப்படி என்று நான் திருப்பிவிடுகிறேன், என் கையால் இல்லை, பென்சிலின் நுனியால், அவள் விரலடியில் பென்சிலைக் கொடுத்து, சுவரில் தொங்குகிற படத்தைச் சரி செய்வது போல நெம்பித் திருப்பினேன், அவளுக்கு அது வழக்கமான ஒன்று என்பதால் முகத்தில் எதுவும் தெரியவில்லை, எனக்குத்தான் காது மடல் சுட்டது, ஏனென்றால் எனக்குத் தெரியும், தொட்டால் ஒட்டாது என்று எங்கள் ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும், என் வலது காலில் கணுக்காலிலிருந்து விரல்வரை அதே வெள்ளைதான்.

அந்தக் காலை வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை, சித்திரை வெயிலில் தார் ரோடு உருகும்போதும் காலுறையும் ஷூவும் போட்டு வருகிற ஒரே வாத்தியார் நான்தான், கலெக்டர் சார் வந்துட்டாரு என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன், கேலியில் நான் கெட்டிக்காரன், மாவட்டத்து மாத இதழ் ஒன்றில் நையாண்டிப் பக்கம் எழுதுகிறவன், மேடையில் இருக்கிறவர் வேட்டி நழுவப் போவதை அவருக்கு முன்னால் பார்க்கிற கண், அந்தக் கண்ணுக்கு நானே போட்ட காலுறை, சின்ன வயதில் எங்களுக்குச் செருப்பே கிடையாது, முனீஸ்வரியின் வயதுதான் எனக்கும் இருக்கும், கணுக்காலில் ஒரு மிளகளவு வெள்ளை தெரிந்தது, அம்மா நாட்டு மருந்தென்று கார்போகரிசியை அரைத்துத் தடவி வெயிலில் நிறுத்தினாள், கால் கொப்பளித்தது, வெள்ளை மிளகிலிருந்து புளியங்கொட்டை ஆகி, புளியங்கொட்டையிலிருந்து வெற்றிலை ஆயிற்று, பிறகு ஒரு நாள் நானே செங்கல்லை இழைத்து, கரிசல் மண்ணைக் கொஞ்சம் போட்டு, விளக்கெண்ணெயில் குழைத்துக் காலில் பூசிப் பார்த்தேன், முதலில் காவி அடித்த கோயில் சுவர் மாதிரி இருந்தது, மண்ணைக் கூட்டினேன், எருமை மாதிரி ஆயிற்று, காய்ந்தால் நிறம் மாறும், அந்த மாற்றத்தையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணிக் குழைக்க வேண்டும், என் தோலின் பழுப்பைக் கண்டுபிடிக்க ஒரு கோடை முழுக்க ஆயிற்று, ஆகவே எனக்கு ஓவியம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், கேட்டிருக்கிறார்கள், இயற்கையின் மீதான காதல் என்று சொல்லியிருக்கிறேன், கைதட்டினார்கள், என் முதல் ஓவியம் என் வலது கால், தினமும் காலையில் வரைந்து தினமும் சாயங்காலம் கழுவினேன்.

சென்னையில் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் காலுறைக்கு ஒரு நியாயம் இருந்தது, புதிய பாடநூல் குழு, மாவட்டத்திலிருந்து படம் போட அழைக்கப்பட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன், ஒருங்கிணைப்பாளர் முனைவர் ஆனந்தவல்லி, பன்முகத்தன்மை என்ற சொல்லைச் சொல்லும்போது நெய்ப்பொங்கலின் முதல் வாயை வைத்தவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார், நாம் அனைவரும் என்று பாடத்துக்குப் பெயர் வைக்கவே ஒரு மதியம் போயிற்று, நாமெல்லாம் என்றால் பேச்சுவழக்காம், நாம் யாவரும் என்றால் கடினமாம், அதில் எட்டுப் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் படம் வேண்டும், ஒருத்தனுக்குக் குல்லா, ஒருத்திக்குக் கழுத்தில் சிலுவை, ஒருத்திக்குச் சக்கர நாற்காலி, ஒருத்தனுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி, மலையிலிருந்து ஒரு குழந்தை, அதுக்குத் தலையில ஒரு இறகு வச்சிடுங்க சார் என்றார் அம்மையார், மேடம், நான் மலையில ரெண்டு வருசம் வேல பாத்திருக்கேன், அங்க இறகு வச்சிருந்தது கோழி மட்டுந்தான் என்றேன், இரண்டு பேர் இருமினார்கள், அவர் கோபப்படவில்லை, பெரிய மனசு, சார், அது எங்களுக்கும் தெரியும், ஆனா பன்முகத்தன்மைங்கிறது தூரத்துல இருந்து பாத்தாலே தெரியணும், கடைசியில் இறகைக் கைவிட்டுப் பாசிமணியில் சமரசம் ஆயிற்று, அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களை வரையச் சொன்னால் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மூக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், இப்படி ஏழு பிள்ளைகளுக்கு அடையாளம் முடிவாயிற்று, எட்டாவது பிள்ளை யார் என்று யாரும் சொல்லவில்லை, எட்டாவது சும்மா ஒரு பிள்ளை, வட்டம் முடிய வேண்டுமே என்பதற்காக, அந்தச் சும்மா பிள்ளையின் இடத்தில்தான் நான் முனீஸ்வரியை வைத்தேன்.

வரைந்து கொண்டுபோய் விரித்தபோது அம்மையார் குனிந்து பார்த்து, சார், இங்க கலர் போட விட்டுட்டீங்களே என்றார், இல்ல மேடம், அந்தப் பிள்ளை அப்படித்தான் என்றேன், அவர் நிமிர்ந்து, லூகோடெர்மா என்று ஆங்கில மருத்துவப் பெயரைச் சொன்னார், சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி, பெயர் வைத்துவிட்டால் பயமில்லை, அருமை சார், இதுதான் நாங்க எதிர்பார்த்த பார்வை, கைதட்டினார்கள், ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உங்களுக்கு எப்படி சார் இந்தக் கோணம் தோணுச்சு என்றார், சமூக அக்கறைதான் என்றேன், மேசைக்கடியில் ஒரு கால்மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டேன், அந்த நேரத்தில் என்னை ஒருவன் நையாண்டிப் பக்கத்தில் எழுதியிருந்தால் நன்றாக எழுதியிருப்பான், ரயிலில் திரும்பி வரும்போது வழியெல்லாம் முனீஸ்வரி முக்காலியில் உட்கார்ந்தபடியே எதிர் இருக்கையில் வருகிறாள், சார், ஒத்துக்கிட்டாங்களா என்கிறாள், ஒத்துக்கிட்டாங்க என்கிறேன், மறுநாள் பள்ளியில் நிஜமாகவே அவளிடம் சொன்னேன், அவள் வகுப்பு முழுக்கச் சொன்னாள், காளிராஜ், போடி மேப்பு, மேப்பு புஸ்தகத்துக்குத்தான் நீ லாயக்கு என்றான், பாரு, புத்தகம் வரும்ல, சூனுல பாரு என்றாள் அவள், எல்லாவற்றுக்கும் அவள் அதே பதிலை வைத்திருந்தாள், சூனுல பாரு.

அச்சு எங்கள் பக்கத்து ஊரில்தான், காகிதமும் மையும் மணக்கிற ஊர், குழுவின் சார்பில் அச்சுக்கு முந்திய தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட, கிட்டத்தில் இருப்பவன் என்று என்னையே அனுப்பினார்கள், அச்சகத்தில் மேற்பார்வை தனுஷ்கோடி அண்ணாச்சி, இன்னொரு வகையிலும் அவர் எங்களுக்கு வேண்டியவர், என் மகளுக்கு அவருடைய அக்கா மகனைப் பேசிக்கொண்டிருந்தோம், நடுவில் நின்று பேசியவர் அவர்தான், வாங்க டிராயிங் சார், சம்பந்தம் பேசுறதுக்கு முந்திப் படத்தப் பேசிருவோம் என்று டீ சொல்லிவிட்டு, பெரிய தாளை மேசையில் விரித்தார், எட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள், அச்சு துல்லியமாக விழுந்திருந்தது, ஒங்க படத்துல ஒரு சங்கடம் சார், ஒரு பிள்ளைக்குக் கை எடத்துலயும் வாய் எடத்துலயும் மை பிடிக்காம வெள்ள வெள்ளையா விட்டுருந்துச்சு, ஸ்கேன்ல போச்சா, தூசி விழுந்துச்சான்னு தெரியல, ஒரு வெள்ளப் பொட்டு இருந்தாக்கூட மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருவாங்கெ, நானே உக்காந்து ஒவ்வொண்ணா அடச்சேன், எங்கன இருந்துச்சுன்னு இப்பக் கண்டுபிடிங்க பாப்போம் என்றார், கண்டுபிடிக்க முடியவில்லை, மணிக்கட்டில் கயிறு இருந்தது, கயிற்றுக்குக் கீழே அழகான பழுப்புக் கை ஒன்று, விளக்கெண்ணெயில் குழைத்துக் காயவைத்தது போல, ஒரு கோடை முழுக்கத் தேடி நான் கண்டுபிடித்தேனே, அதே பழுப்பு, மனிதர் ஒரு நாளில் கண்டுபிடித்திருந்தார்.

அண்ணாச்சி, அது பிழை இல்ல, நான் வேணும்னுதான் விட்டேன் என்றேன், சொன்னேன், அதுவரை சொன்னேன், வேணும்னா, எதுக்கு சார் என்றார், அந்தப் பிள்ளைக்கு உடம்புல அப்படி என்றேன், அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார், அடக் கடவுளே, சின்னப் பிள்ளைக காலையில எந்திரிச்சு விரிக்கிற புத்தகம், இதப் போயா போடுவாக என்றார், கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார், பிறகு பேச்சோடு பேச்சாக, எங்க அக்கா மொதக் கேள்வியே அதான் சார் கேட்டா, பொண்ணு வீட்ல யாருக்காச்சும் ஒடம்புல வெள்ள கிள்ள உண்டான்னு, நான் சொல்லிட்டேன், டிராயிங் சார் குடும்பம் கண்ணாடி மாதிரி, நான் கியாரண்டின்னு என்றார், காலுறைக்குள் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன, சரி, நீங்க குழுவோட ஆளு, நீங்க சொன்னா மறுபடி வெள்ளையாக்கிருதேன், அஞ்சு நிமிச வேல, என்ன காரணம்னு ஓரத்துல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும் என்று பேனாவை நீட்டினார், ஒரே ஒரு வரி, மாதாமாதம் ஒரு பக்கம் எழுதுகிறவன் நான், அமைச்சரைப் பற்றி எழுதியிருக்கிறேன், சாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறேன், இருக்கட்டும் அண்ணாச்சி, இதே நல்லாருக்கு என்று யாரோ சொன்னார்கள், அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், ஓரத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், வாங்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்தே படம் மாதிரி இருக்கு சார் என்றார் அண்ணாச்சி.

வைகாசியில் கல்யாணம், பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கால் கழுவிப் பூப்போடுகிற சடங்கு மேடையில் உண்டு, அதை நினைத்து மனைவி ஒரு மாதம் தூங்கவில்லை, கடைசியில் முந்தின நாள் மண்டபத்துப் படியில் நான் வழுக்கி விழுந்ததாக ஏற்பாடு ஆயிற்று, வலது காலில் விரல் தெரியாமல் வெள்ளைத் துணிக்கட்டு, நொண்டி நொண்டி மேடை ஏறினேன், பாவம் சம்பந்தி, வலியோட நிக்காரு என்று அண்ணாச்சியின் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார், மகள் தாம்பாளத்தில் என் இடது காலைக் கழுவினாள், பிறகு கட்டின் மேலேயே தண்ணீரை ஊற்றி, கட்டின் மேலேயே குங்குமம் வைத்தாள், அவளுக்குத் தெரியும், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளையை மறைக்க நான் வெள்ளையையே சுற்றியிருந்தேன், அன்றைக்குக் கண்ணயர்ந்தபோது கனவில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, தாள் தாளாக எட்டுப் பிள்ளைகள் வந்து விழுகிறார்கள், வட்டம் சுற்றுகிறது, பழுப்பு வெள்ளம் ஒரு கையின் கரையேறித் தீவை மூழ்கடிக்கிறது, உற்றுப் பார்த்தால் எட்டுப் பிள்ளைகளும் கையில் காலுறை மாட்டியிருக்கிறார்கள், காலுறையும் காலுறையும் கோத்துக்கொண்டு ஆடுகிறார்கள், ஆனந்தவல்லி அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு அருமை அருமை என்கிறார்.

சூன் வந்தது, கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்தது, நான் ஓவிய அறையில் பழைய டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவத் தேவையில்லாத டப்பாக்கள், மதியத்துக்கு முன்னால் முனீஸ்வரியின் அம்மா செல்லத்தாய் வந்து நின்றாள், தீப்பெட்டி ஆபீசில் வேலை, விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை, ஒரு மணி நேரம் பெர்மிசன் போட்டுட்டு ஓடியாந்தேன் சார் என்றாள், பின்னால் முனீஸ்வரி புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்கிறாள், செல்லத்தாய் திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது, அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், நீங்க நல்லாருக்கணும் சார், எம்பிள்ள முழுசாக் கொணமாகி நிக்கிற மாதிரியே போட்டுட்டீங்க, கண்ணுல ஒத்திக்கிட்டேன், இந்தப் பக்கத்தப் போன்ல போட்டா எடுத்து வச்சிருக்கேன், நாளப்பின்ன யாரும் பொண்ணு கேட்டு வந்தா மொதல்ல இதத்தான் சார் காட்டணும், சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கிற்று, அவளும் என்னைப் போலவே ஒரு வரி எழுத முடியாதவள், ஆனால் அவளிடம் யாரும் பேனாவை நீட்டவில்லை, பரவாயில்லம்மா, பரவாயில்ல என்றேன், ஆபீசு நேரமாகிவிட்டதென்று மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள், முனீஸ்வரி போகவில்லை.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள், தன் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், அழவில்லை, கணக்கில் விடை தப்பாக வந்தால் எங்கே தப்பு என்று தேடுகிற முகம், சார், கயிறு என்னோடது, கை யாரோடது என்றாள், டப்பாவைக் கீழே வைத்தேன், காளிராசு சொல்றான், அது நீ இல்ல, அது நல்லாருக்குல்லங்கிறான், கயித்தப் பாருடாங்கிறேன், கயிறு கடையில விக்கிதுங்கிறான், நீங்க போட்டீங்கல்ல சார், நான் பாத்தேனே, இந்த எடத்த விட்டு விட்டுப் போட்டீங்களே என்றாள், உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, கழற்றிக் காட்டக் காலும் இருந்தது, மகளுக்குக் கல்யாணம்கூட முடிந்துவிட்டது, பயப்படக் காரணம் என்று ஒன்றும் மிச்சமில்லை, பழக்கம்தான் மிச்சமிருந்தது, அச்சுப் பிழைம்மா என்றேன், மெஷின்ல மை கூடுதலா விழுந்துருச்சு, அப்ப நீங்க சரியாத்தான் போட்டீங்க என்றாள், சரியாத்தான் போட்டேன், அவங்கதான் தப்பா அடிச்சுட்டாங்க, ஆமா, அவள் முகம் தெளிந்துவிட்டது, அழுவாள் என்று நான் பயந்த இடத்தில் அவள் பெரிய மூச்சு விட்டாள், பிழதான், நாங்கூட என்னமோன்னு நெனச்சேன் என்று புத்தகத்தை மூடிக்கொண்டு ஓடினாள், தனுஷ்கோடி அண்ணாச்சி அவளைப் பிழை என்று நினைத்து அழித்தார், நான் தெரிந்தே அழித்துவிட்டு அதற்குப் பிழை என்று பெயர் வைக்கிறேன், இரண்டு பேரில் அவர் யோக்கியர்.

அரை மணிகூட ஆகவில்லை, எஸ்தர் டீச்சர் கூப்பிட்டனுப்புகிறார், ஆறாம் வகுப்பின் வாசலில் போய் நிற்கிறேன், அத்தனை தலையும் திரும்புகிறது, புத்தகத்தில் அச்சுப் பிழை என்றால் எங்கள் பள்ளியில் ஒரு நடைமுறை உண்டு, ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் சொல்வார், எல்லாப் பிள்ளைகளும் அவரவர் புத்தகத்தில் திருத்த வேண்டும், திருத்தாத பிள்ளை முட்டி போட வேண்டும், எஸ்தர் டீச்சர் அதில் கறார், சார், நாப்பத்து மூணாம் பக்கத்துல பிழையாமே, முனீஸ்வரி சொல்றா, நீங்க சொன்னீங்களாம், மெய்தானா என்கிறார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார், முனீஸ்வரி எழுந்து நிற்கிறாள், காளிராஜ் வாயைப் பிளந்துகொண்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறான், ஆமா டீச்சர், பிழைதான் என்கிறேன், அப்பத் திருத்திர வேண்டியதுதான், எல்லாரும் பக்கத்த எடுங்க, பேனாவால கிறுக்கக் கூடாது, ஒயிட்னர் யாருட்ட இருக்கு, வகுப்பிலேயே ஒயிட்னர் வைத்திருக்கிறவன் காளிராஜ்தான், அவன் எழுதுகிற லட்சணத்துக்கு அது இல்லாமல் முடியாது, டீச்சர், எங்க எங்க போடணும்னு எப்பிடித் தெரியும் என்கிறது ஒரு பிள்ளை, என்னயப் பாத்தா எப்பிடித் தெரியும், அவ கையப் பாத்துப் போடுங்க என்கிறார் டீச்சர்.

காளிராஜ் முதலில் போகிறான், ஏ மேப்பு, கையக் காட்டு என்கிறான், அவள் நீட்டுகிறாள், குனிந்து பார்க்கிறான், புத்தகத்தைப் பார்க்கிறான், மறுபடி பார்க்கிறான், சரியாத் தெரியல, வெளிச்சத்துக்கு வா என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான், பிடித்தது அவனுக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது, கையைப் பார்க்காமல் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், தள்ளுடா, நானும் பாக்கணும் என்று ஒரு பிள்ளை அவள் விரல்களை விரித்துப் பிடிக்கிறது, இன்னொன்று முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறது, டே, கட்டவெரல்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கு, இலங்கை மாதிரி, அத விட்டுட்ட, எங்கடா, இந்தா இங்கன, ஒழுங்காப் போடுறா, ஒன் மண்டை மாதிரி கோணலாப் போடாத என்கிறாள் முனீஸ்வரி, ஆடாம நில்லு பிள்ள, ஆடுனா எப்பிடிப் போடுறது என்கிறான் அவன், பாதி போட்டா அதுவும் தப்புதான், வாய் ஓரத்தையும் பாத்துக்கங்க என்று டீச்சர் ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்து வருகிறார், கைக்குட்டை யாருக்கும் ஞாபகம் வரவில்லை, நான் சொன்ன பொய்யைச் சுற்றி ஒரு வகுப்பே கைகோத்து நிற்கிறது, இதில் எனக்குச் சந்தோஷப்பட என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், நல்லவேளை, எந்தப் பிள்ளைக்கும் என்னைப் பார்க்க நேரமில்லை.

பார்த்தவள் அவள்தான், கூட்டத்திலிருந்து கையை உருவிக்கொண்டு தன் புத்தகத்தோடு வருகிறாள், சார், என்னோடதுக்கு நீங்க போடுங்க, நீங்கதான மொதல்ல போட்டது, காளிராஜின் ஒயிட்னரை என் கையில் வைக்கிறாள், அவள் கை என் மடியில் விரிந்திருக்கிறது, பென்சிலை எடுக்கவில்லை, என் இடது கையால் அதைப் பிடித்துக்கொள்கிறேன், வெதுவெதுப்பாக இருக்கிறது, ஒரு பிள்ளையின் கை, வேறென்ன, பூசாமல் விடுவதுதான் வெள்ளை என்று சொன்ன வாத்தியார் நான் பூசுகிறேன், மணிக்கட்டிலிருந்து கிளம்பி, சுண்டுவிரல் பக்கமாக இறங்கி, பழுப்பின் மேல் தீவு தடிப்பாக எழும்புகிறது, தடவினால் மேடு தட்டும், அழகாக இல்லை, நான் தாளில் விட்டுவைத்த அந்த முதல் வெள்ளையின் பக்கத்தில்கூட வராது, கட்டைவிரலடியில் இலங்கையையும் வைக்கிறேன், அவள் குனிந்து ஊதுகிறாள், சார், நீங்க மேல எழுதிப் போட்டீங்கன்னா அடுத்த வருசத்துப் புத்தகத்துல அவங்களே திருத்திருவாங்கல்ல என்கிறாள், என்ன பிழை, யாருடைய பிழை என்று அதில் எழுத வேண்டியிருக்கும், எழுதறேம்மா என்கிறேன், அவள் நம்புகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை, புத்தகத்தை மூடிக் கொடுக்கப் போனேன், சார் சார், மூடாதீங்க, ஒட்டிக்கிரும், காயிற வரைக்கும் அசையாம இருங்க என்கிறாள், அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஈரம் போகவில்லை, அவள் ஊதிக்கொண்டே இருக்கிறாள்.